மூன்றாம் மாடித் தண்ணீர்

அந்த முதியோர் இல்லத்தில் அவளுக்கு ‘சுவிட்ச் அக்கா’ என்று பேர் வந்ததற்கு வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. ஆளில்லாத அறையில் ஒரு விளக்கு எரிந்தால் போதும், அடுப்பில் பால் பொங்கி வழிவதைப் பார்த்தவள்போல ஓடிப்போய் அணைப்பாள். சாப்பாட்டுக் கூடத்தில் கடைசி ஆள் கை கழுவ எழுந்திருக்கும் முன்பே மின்விசிறிகள் ஒவ்வொன்றாக நின்றுவிடும்.

“அக்கா, இன்னும் நாலு வாய் இருக்கு. கொஞ்சம் காத்தோட சாப்பிட்டுக்கறேனே” என்று யாராவது கெஞ்சினால், “உங்க தலைக்கு மேல ஒண்ணு ஓடுதில்ல, அது போதும். இருபது பேரோட காத்து உங்க ஒருத்தருக்கு எதுக்கு?” என்பாள். கேட்டவரும் சிரித்துவிடுவார். அவள்மேல் யாருக்கும் கோபம் வராது. மூன்று மாடி, அறுபத்து நான்கு அறை, கீழ்த்தளத்தில் பாய்லர், மொட்டைமாடியில் நான்கு தொட்டி, இத்தனைக்கும் பொறுப்பு அவள்தான். பம்ப் தண்ணீரை இழுக்கிறதா காற்றை இழுக்கிறதா என்பதைப் படிக்கட்டில் நின்றே சொல்லிவிடுவாள். ஒழுகும் குழாய் அவளுக்கு ஆகவே ஆகாது. சொட்டுச் சத்தம் காதில் விழுந்தால் கையிலிருக்கும் டீயைக் கீழே வைத்துவிட்டுப் போய்விடுவாள். முகம் கழுவிய தண்ணீரைப் பிடித்துச் செடிகளுக்கும் கழிப்பறைகளுக்கும் திருப்பிவிட்டதும் அவள் செய்த ஏற்பாடுதான்.

இந்தத் தொழிலுக்கு அவளைக் கொண்டுவந்து சேர்த்தது அண்ணன். அப்பா சீக்கிரமே போய்விட்ட வீடு. அண்ணன் பஸ் கண்டக்டர். தங்கை எலக்ட்ரிகல் படிக்கிறேன் என்றதும் சொந்தக்காரர்கள் ஆளாளுக்கு ஒரு பேச்சு பேசினார்கள். அவர் எதையும் காதில் வாங்காமல் சைக்கிளில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப்போய்த் தொழிற்பயிற்சிப் பள்ளியில் சேர்த்துவிட்டார். நாற்பது பையன்களுக்கு நடுவில் ஒரே பெண். வாத்தியார் தயங்கியபோது, “ஷாக் அடிச்சா இவ அழ மாட்டா சார். திருப்பி அடிப்பா” என்றாராம். பிறகு அவளுக்குக் கல்யாணம் என்று ஒன்று நடந்து, நாலே வருஷத்தில் முடிந்தும் போனது. ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்ற அன்று, என்ன ஏது என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. “அந்த ஜன்னல் பக்கம் காத்து நல்லா வரும், அங்க படுத்துக்கோ” என்றதோடு சரி. அண்ணியும் அப்படித்தான். அந்த வீட்டில் பதினெட்டு வருஷம் இருந்தாள். அண்ணன் மகளைத் தோளில் போட்டு வளர்த்தாள்.

அண்ணி இறந்து இரண்டு வருஷம் கழித்து அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. மகளுக்குக் கல்யாணமாகி இரண்டு குழந்தைகள். பள்ளிக்கூட வேலை, ஒற்றைப் படுக்கையறை வீடு, எப்போதும் வெளியூரில் இருக்கும் புருஷன். சுவிட்ச் அக்காவுக்கும் விடிந்தால் வேலை. பகலில் அவரைத் தூக்கி உட்கார வைக்க ஆளில்லை. இல்லத்தில் பணியாளர் குடும்பத்துக்குச் சலுகை உண்டு. மேனேஜரிடம் கேட்டு, மூன்றாம் மாடியின் கடைசி அறையை அவளே வாங்கினாள்.

மகளுக்கு மனசே இல்லை. “அப்பாவைக் கொண்டுபோய் ஹோம்ல விடறதா, அத்தை? ஊர் என்ன சொல்லும்?”

“ஊரா வந்து குளிப்பாட்டும்? நான் அங்கதானே இருக்கேன். என் கண்ணு முன்னாடி இருப்பாரு. எனக்குத் தெரியாம ஒரு எறும்பு கடிக்காது” என்றாள் சுவிட்ச் அக்கா.

அண்ணனுக்கு இல்லம் பிடித்துப்போனது. சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும்போது சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி, “முன்னாடி போங்க, முன்னாடி போங்க, உள்ள எடம் காலியாத்தான் இருக்கு” என்று குரல் கொடுப்பார். கிழவர்கள் சிரித்துக்கொண்டே நகர்வார்கள். ஒரு நாளைக்கு அவருக்கு வேண்டியதெல்லாம் ஒரு குளியல். முப்பது வருஷம் புழுதியிலும் வியர்வையிலும் நின்ற உடம்பு. குளியலறையில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, இடது கையில் ஷவரைப் பிடித்துக்கொண்டு, கழுத்திலும் முகத்திலும் தண்ணீரை விட்டபடி அரை மணி நேரம் இருப்பார். கதவுக்கு வெளியே தங்கை நின்று, “அண்ணே, தொட்டி காலியாகுது” என்று அதட்டுவாள். “பில்லை என் கணக்குல எழுதிக்கோ” என்று உள்ளிருந்து பதில் வரும்.

அந்த வருஷம், இல்லத்தை நடத்தும் அறக்கட்டளை தன்னுடைய பதினோரு கட்டடங்களுக்கும் ஒரு போட்டி வைத்தது. எந்தக் கட்டடம் கேஸையும் கரண்டையும் தண்ணீரையும் அதிகமாக மிச்சம் பிடிக்கிறதோ அதற்குக் கேடயம். வழி சொல்ல ஓர் ஆலோசகரை அனுப்பினார்கள். முதுகுப் பையும் மெலிந்த குரலுமாக ஓர் ஆள். இரண்டு நாள் அவளோடு படி ஏறி இறங்கினார். அவள் செய்து வைத்திருந்ததைப் பார்த்து, “நான் வர்றதுக்கு முன்னாடியே பாதி வேலையை முடிச்சிட்டீங்க” என்றார். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது; ஒரு வாரம் தரையில் கால் பாவவில்லை.

அவர் எழுதிக்கொடுத்த யோசனைகளில் ஒன்று பாய்லரைப் பற்றியது. அறுபத்தைந்து டிகிரியில் எரிந்துகொண்டிருந்ததை நாற்பத்தைந்துக்கு இறக்கலாம். குளிக்க அது தாராளம். ஆனால் வாரத்தில் ஒரு நாள் எழுபதுக்கு ஏற்றி, எல்லாக் குழாயையும் ஷவரையும் ஐந்து நிமிஷம் சுடச்சுடத் திறந்துவிட வேண்டும்.

“அது எதுக்கு சார்?”

“வெதுவெதுன்னு நிக்கற தண்ணியில ஒரு கிருமி வளரும்மா. வாரத்துக்கு ஒரு தடவை சூடு காட்டினா செத்துடும். இதை மட்டும் விட்டுடாதீங்க” என்றார் அவர்.

புதன்கிழமை என்று வைத்துக்கொண்டாள். பதிவேட்டில் தனியாக ஒரு கட்டம் போட்டு, செய்து முடித்ததும் டிக் அடித்தாள். பதினொரு புதன்கிழமை ஒழுங்காக நடந்தது. ஆனால் அந்த நாள் அவளுக்கு ஒரு தண்டனை. அறுபத்து நான்கு அறையிலும் குழாயைத் திறந்துவிட்டு, நல்ல தண்ணீர், அதுவும் கேஸ் எரித்துச் சூடாக்கிய தண்ணீர், ஆவி பறக்கச் சாக்கடைக்குப் போவதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டும். அவளால் தாங்க முடியவில்லை. மாதக் கூட்டத்தில் திரையில் காட்டிய செலவு வரைபடத்திலும் மற்ற நாளெல்லாம் கோடு தரையோடு படுத்திருக்க, புதன்கிழமை மட்டும் மலைபோல எழுந்து நின்றது.

“இது என்னம்மா, வாராவாரம் ஒரு ஒட்டகம்?” என்றார் மேனேஜர். அவள் காரணத்தைச் சொன்னாள். “அவசியம்னா பண்ணுங்க. உங்களுக்குத் தெரியாததா” என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.

அந்த மாதம் அவர்கள் இரண்டாம் இடத்தில் இருந்தார்கள். முதல் இடத்துக்கும் அவர்களுக்கும் இடைவெளி ஒரு ஒட்டகத்தின் உயரம்தான்.

பன்னிரண்டாவது புதன்கிழமை பம்ப் பழுது. அதைச் சரி செய்வதிலேயே பொழுது போய்விட்டது. கட்டம் காலியாக நின்றது. ஒன்றும் ஆகவில்லை, யாருக்கும் ஒரு தும்மல்கூட இல்லை. அடுத்த புதன்கிழமை, போன வாரம் விட்டதே ஒன்றும் ஆகவில்லையே என்று தோன்றியது. போட்டி முடியட்டும், பிறகு பழையபடி செய்துகொள்ளலாம் என்று நினைத்தாள். காலியான கட்டம் கண்ணை உறுத்தியதால் டிக் அடித்தாள். முந்தின வாரக் கட்டத்திலும் சேர்த்து அடித்தாள். பிறகு ஒன்பது வாரம் அப்படியே ஓடியது.

இதற்கு நடுவில் ஒரு நாள் அண்ணன் சொன்னார்: “ஏம்மா, தண்ணி முன்ன மாதிரி சூடா இல்லியே. மூணாவது மாடிக்கு வர்றதுக்குள்ள சூடெல்லாம் நடுவுலயே எறங்கிடுது போல.”

அவள் குழாயில் கை வைத்துப் பார்த்தாள். வெதுவெதுப்பாகத்தான் வந்தது. “உனக்கு வெந்நீர்ல ஊறி ஊறித் தோல் மரத்துப் போச்சு. ஊருக்கெல்லாம் இது போதுது, உனக்கு மட்டும் தனியா அடுப்பு மூட்டணுமா?” என்று சிரித்தாள். அவரும் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போனார்.

கேடயம் கிடைத்தது. பித்தளையில் ஒரு இலை, அதற்குக் கீழே இல்லத்தின் பேர். மேனேஜர் அதை அவள் கையில் கொடுத்துப் படம் எடுத்தார். அண்ணன் அந்தப் படத்தைத் தன் போனில் வைத்துக்கொண்டு, மருந்து கொடுக்க வருகிறவளிலிருந்து துணி எடுக்க வருகிறவர்வரை ஒருவர் விடாமல் காட்டினார். “என் தங்கச்சி. நாப்பது பேர்ல ஒருத்தி” என்பார். எந்த நாற்பது என்று யாருக்கும் புரியாது.

அதற்குப் பன்னிரண்டாம் நாள் அவருக்குக் காய்ச்சல் வந்தது. முதல் நாள் சாதாரணச் சளி என்று விட்டார்கள். இரண்டாம் நாள் மூச்சு வாங்கியது. மூன்றாம் நாள் காலையில் தங்கையைப் பார்த்து, இறந்துபோன அண்ணியின் பேரைச் சொல்லி, சட்டை எங்கே என்று கேட்டார். ஆம்புலன்ஸ் வந்தது. அதே வாரத்தில் இரண்டாம் மாடியில் தங்கியிருந்த, ஓய்வுபெற்ற டைப்பிஸ்ட் அம்மாவும் இருமிக்கொண்டு படுத்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நுரையீரல் படத்தைப் பார்த்துவிட்டு, சிறுநீரைப் பரிசோதிக்கச் சொன்னார். சாயங்காலம் முடிவு வந்ததும் அத்தையையும் மகளையும் வெளியே கூப்பிட்டார்.

“இது சும்மா நிமோனியா இல்ல. தண்ணித் தொட்டியில, குழாயில வளர்ற ஒரு கிருமி. குடிச்சா ஒண்ணும் பண்ணாது. ஷவர்ல தெறிக்கற தூவானத்தை மூச்சுல இழுத்தா நேரா நுரையீரலுக்குப் போயிடும். அவர் தங்கியிருக்கற எடத்துல வெந்நீர் எப்படி வருது?”

மகள் அத்தையின் முகத்தைப் பார்த்தாள். இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவள் அத்தைதானே. சுவிட்ச் அக்கா “பாய்லர்” என்று மட்டும் சொன்னாள். உடனே மேனேஜருக்குப் போன் செய்து, யாரையும் ஷவரில் குளிக்க விடாதீர்கள் என்றாள். மறுநாள் காலை சுகாதாரத் துறையிலிருந்து ஓர் அதிகாரி அம்மா வந்து சின்னச் சின்னப் பாட்டில்களில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார். அவர் போனதும் அவள் பாய்லரை எழுபதுக்கு ஏற்றினாள். ஈரத்துணியை மூக்கோடு கட்டிக்கொண்டு, அறை அறையாகப் போய்க் குழாய்களைத் திறந்தாள். ஐந்து நிமிஷம் என்று சொன்ன இடத்தில் பதினைந்து நிமிஷம் விட்டாள். அண்ணனின் குளியலறையில் ஸ்டூல் அப்படியே கிடந்தது, அதன்மேல் காய்ந்துபோன சோப்பு. ஆவி நிறைந்து கண்ணாடி மறைந்து போகும்வரை அங்கேயே நின்றாள்.

அண்ணன் ஒன்பது நாள் இருந்தார். ஆக்சிஜன் குழாயை மூக்கிலிருந்து இழுத்து இழுத்து எறிவார். ஐந்தாம் நாள் மத்தியானம் கொஞ்சம் தெளிவு வந்தது. தங்கையை அடையாளம் தெரிந்துகொண்டார்.

“உடம்பெல்லாம் பிசுபிசுன்னு இருக்கும்மா. ஒரு தடவை குளிச்சிட்டா தேவலாம்.”

“வீட்டுக்குப் போய்க் குளிக்கலாம்ணே.”

“நல்லா சுடச்சுட.”

அவள் நர்ஸிடம் கேட்டு, வெந்நீரில் துண்டை நனைத்துப் பிழிந்து, கழுத்து, அக்குள், விரல் இடுக்கு என்று பார்த்துப் பார்த்துத் துடைத்துவிட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். சொல்லாமல், துண்டை மறுபடி வெந்நீரில் நனைத்து அந்த முகத்தைத் துடைத்தாள். பிறகு அவருக்கு நினைவு திரும்பவே இல்லை.

காரியமெல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று, அதிகாரி அம்மா முடிவுகளோடு வந்திருந்தார். தொட்டியிலும், மூன்றாம் மாடிக் குழாய்களிலும், அண்ணனின் ஷவரிலும் கிருமி இருந்தது. மேனேஜர் அறையில் மூவரும் உட்கார்ந்தார்கள். அதிகாரி பதிவேட்டைப் புரட்டினார்.

“வாராவாரம் சூடேத்தியிருக்கீங்க. ஒண்ணுகூட விடலை. அப்படியும் வந்திருக்குன்னா, நாப்பத்தஞ்சுக்கு எறக்கச் சொன்னதுதான் தப்பு. அந்த ஆலோசகர் மேலதான் எழுதணும்.”

மேனேஜர் நீளமாக மூச்சு விட்டார். “நாங்க அவர் சொன்னதை அப்படியே செஞ்சோம் மேடம். இந்தம்மா ரொம்பக் கறார்” என்றார்.

சும்மா இருந்திருந்தால் விஷயம் அதோடு போயிருக்கும். கேட்க ஆளில்லை, பார்த்த ஆளில்லை. டைப்பிஸ்ட் அம்மா பிழைத்துத் திரும்பிவிட்டார். முதுகுப் பையோடு படி ஏறி வந்த அந்த மனிதரின் மெலிந்த குரல் அவள் காதில் கேட்டது. இதை மட்டும் விட்டுடாதீங்க.

“அந்த டிக் பொய், மேடம்” என்றாள்.

மேனேஜர் திரும்பிப் பார்த்தார். “என்னம்மா சொல்றீங்க? அண்ணன் போன துக்கத்துல…”

“பதினொரு வாரம்தான் செஞ்சேன். மிச்சம் பதினொண்ணு நான் அடிச்ச டிக். அவர் மேல எழுதாதீங்க. செய்யணும்னு அவர் சொன்னார். நான்தான் செய்யலை.”

“ஏன்?” என்றார் அதிகாரி. கோபமாகக் கேட்கவில்லை, எழுத வேண்டுமே என்று கேட்டார்.

“தண்ணி வீணாப் போறதைப் பார்க்க முடியலை, மேடம்” என்றாள். அதிகாரியின் பேனா ஒரு நொடி நின்று, பிறகு எழுதியது.

மகளுக்கு அதிகாரியின் அறிக்கை போய்ச் சேருமுன் தன் வாயால் சொல்ல வேண்டும் என்று அன்று மத்தியானமே கிளம்பிப் போனாள். மகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அத்தை நின்றபடியே சொன்னாள். கேடயம், வரைபடம், புதன்கிழமை, டிக் என்று எதையும் விடவில்லை. மகள் மடிப்பதை நிறுத்தவில்லை. குழந்தையின் சட்டை ஒன்றை மூன்று முறை பிரித்து மடித்தாள்.

“அப்பா உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா? தண்ணி சரியில்லைன்னு?”

“சூடா இல்லைன்னு சொன்னார்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“சிரிச்சேன்.”

மகள் சட்டையைக் கீழே வைத்தாள். கத்தியிருந்தால், கையை ஓங்கியிருந்தால்கூட அத்தைக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

“எறும்பு கடிக்காதுன்னு சொன்னீங்க, அத்தை” என்றாள் கடைசியில். குரல் உயரவில்லை. “பசங்க ஸ்கூல்லேர்ந்து வர நேரமாச்சு. அதுக்குள்ள கிளம்பிடுங்க. அவங்களுக்கு இது தெரிய வேணாம்.”

இல்லத்தில் விசாரணை நடந்தது. பத்தொன்பது வருஷ வேலையை நினைத்து, அவளாகவே விலகிக்கொள்ளட்டும் என்று விட்டார்கள். கேடயத்தைத் திருப்பி அனுப்பிவிட்டதாகக் கேள்விப்பட்டாள். ஆலோசகர் ஒரு முறை போன் செய்தார். வாராவாரம் தானாகச் சூடேறும்படி ஒரு கருவியை அன்றே பொருத்தச் சொல்லியிருக்க வேண்டும், ஒரு ஆளுடைய கையை நம்பி விட்டது தன் தப்பு என்றார். “உங்க தப்பு இல்ல சார்” என்று அவள் சொன்னாள். அவரும் விடவில்லை, அவளும் விடவில்லை. அப்படியே போனை வைத்தார்கள்.

இப்போது அவள் ஓர் அலுவலகக் கட்டடத்தில் பராமரிப்பு வேலை பார்க்கிறாள். பொறுப்பெல்லாம் இல்லை, சொன்னதைச் செய்கிற வேலை. அங்கே யாருக்கும் பட்டப்பேர் தெரியாது. ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் இன்னமும் அணைக்கிறாள், ஆனால் ஓடுவதில்லை. வாரக் கடைசியில் பூட்டிக்கிடக்கும் மாடிகளின் குழாய்களைத் திங்கட்கிழமை காலை திறந்துவிடும் வேலையை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். தண்ணீர் போவதைப் பார்த்தபடி நிற்பாள். மற்றவர்கள் பத்து நிமிஷத்தில் முடிக்கிற மாடிக்கு அவளுக்கு அரை மணி நேரம் ஆகும். மேற்பார்வையாளர் ஒரு தடவை, “என்னம்மா இவ்ளோ தண்ணியை வீணாக்கறீங்க?” என்று கேட்டார். “இது வீண் இல்ல சார்” என்றாள்.

எட்டு மாதம் கழித்து ஒரு நாள் மகளிடமிருந்து போன் வந்தது. பெரியவன் விளையாடும்போது கையை உடைத்துக்கொண்டுவிட்டான்; மகள் அவனோடு ஆஸ்பத்திரியில் இருக்கிறாள்; சின்னவளைப் பள்ளியிலிருந்து கூட்டிவர ஆள் இல்லை. “வேற யாரும் கிடைக்கலை” என்றாள். சுவிட்ச் அக்கா அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் போனாள். சின்னவளைக் கூட்டிவந்து, கைகால் கழுவிவிட்டு, பாடம் எழுத வைத்தாள். குழந்தை வளர்ந்திருந்தது, முன்பல் இரண்டு விழுந்திருந்தன. தாத்தாவைப் பற்றி ஏதோ கேட்க ஆரம்பித்தாள். “முதல்ல எழுது, அப்புறம் பேசலாம்” என்றாள் இவள்.

மகள் இருட்டுமுன் வந்துவிட்டாள். பெரியவன் கையில் கட்டோடு தூங்கி விழுந்துகொண்டிருந்தான். அவனைப் படுக்க வைத்துவிட்டு வந்து, “டீ போடட்டுமா?” என்று கேட்டாள். முகத்தைப் பார்த்துக் கேட்கவில்லை, அடுப்பைப் பார்த்துத்தான் கேட்டாள்.

“வேணாம்மா. நான் கிளம்பறேன்.”

“சரி.”

செருப்பை மாட்டும்போது சின்னவள் வந்து காலைக் கட்டிக்கொண்டாள். மகள் அவளை மெல்லப் பிரித்து எடுத்தாள். கதவைச் சாத்துமுன் ஒரு கணம் நின்று, “பார்த்துப் போங்க” என்றாள்.

அதன்பிறகு போன் வரவில்லை. இவளும் போன் செய்வதில்லை. அவளுக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது கூப்பிடட்டும், தோன்றாமலே போனாலும் அதைக் கேட்கிற பாத்தியதை தனக்கு இல்லை என்று இருக்கிறாள். பெரியவனின் கைக் கட்டைப் பிரித்துவிட்டார்களா என்பது மட்டும் தெரிந்தால் தேவலை என்று அவ்வப்போது நினைத்துக்கொள்வாள்.